பின்னாளின் நெருப்புக்கு ஒரு குழாய்

அருமைநாயகிக்கு அந்த நெருப்பை முதுகால்தான் தெரியும்.

டென்மார்க்கில், வைலே நகரசபையின் வீட்டுப் பராமரிப்புப் பிரிவில் அவர் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறார். காலை ஏழு மணிக்குச் சின்ன வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு வயதானவர்களின் வீடுகளுக்குப் புறப்படுவார். ஒருவருக்குக் கண்ணில் மருந்து விட வேண்டும், இன்னொருவரைக் குளிக்க வார்க்க வேண்டும். எந்த வீட்டில் எத்தனை நிமிடம் நிற்கலாம் என்பது கைத்தொலைபேசியில் வரும். நகரத்துக்கு வெளியே பள்ளத்தாக்கில் தனியாக இருந்த ஓவ என்ற பழைய தபால்காரருக்குப் பதினைந்து நிமிடம். வீங்கிய கால்களுக்கு இறுக்கமான நீளக் காலுறைகளை மாட்டிவிடும் வேலை.

கார் வரும் சத்தம் கேட்டதும் ஓவ ஒரு ரிமோட்டை அமத்துவார். சுவரில், கண்ணாடிக்குப் பின்னால், பொக்கென்று ஒரு சத்தம் வரும். முதலில் நீலமாகவும் பிறகு மஞ்சளாகவும் நெருப்பு எழும்பும். விறகும் சாம்பலும் புகையும் இல்லாமல் காஸில் எரிகிற கணப்பு அது. டேனிஷ்காரர் கணப்பைப் ‘பைஸ்’ என்பார்கள். அருமைநாயகி ஓவவின் முன்னால் முழங்காலில் இருந்து காலுறையை இழுக்கும்போது நெருப்பு அவருடைய முதுகுப் பக்கம் இருக்கும். முதுகில் மெல்ல ஏறும் சூடும், ஓவவின் மூக்குக்கண்ணாடியில் ஆடும் இரண்டு சின்னச் சுவாலைகளும்தான் நாலு வருடத்தில் அவர் கண்ட நெருப்பு. எழும்பித் திரும்பினால் பதினைந்து நிமிடம் முடிந்திருக்கும்.

ஓவ இறந்து, அந்த வீட்டில் வேறு ஆட்கள் குடிவந்த பிறகும் அந்தச் சூடு அவர் முதுகை விட்டுப் போகவில்லை. மாரிகாலத்துக் காலைகளில் கடல்நீர் உள்ளே வந்து கிடக்கும் பக்கம் முழுவதும் பனிப்புகாராக இருக்கும். உயரப் பாலத்தில் போகும் லொறிகளின் வெளிச்சங்கள் பாலம் இல்லாமல் தாமாகவே ஆகாயத்தில் ஊர்ந்து போகும். சிவப்பு விளக்கில் காரை நிறுத்தி அதைப் பார்க்கும்போது அவருடைய மனதில் ஒரு அறை திறக்கும். அதில் ஒரு கதிரை, எதிரே ஒரு நெருப்பு. வேறு ஒன்றும் இல்லை. அந்த அறைக்கு எத்தனை யன்னல் என்றுகூட அவர் யோசித்ததில்லை. பச்சை விழுந்ததும் அறை மூடிக்கொள்ளும்.

போன இலையுதிர் காலத்தில் அவரும் கணவர் பாலேந்திராவும் நகரத்தின் வடக்குச் சரிவில் ஒரு பழைய செங்கல் வீடு வாங்கினார்கள். பாலேந்திராவுக்கு ஹோர்சன்ஸில் யன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. கிழமை நாட்களில் ரயிலில் போய் வருவார். சனி ஞாயிறில் அவர் சமையற்காரர். வைலேயிலிருந்து கோல்டிங் வரை எந்தத் தமிழ் வீட்டில் பிறந்தநாள் என்றாலும் அறுபது பேருக்கு ஆட்டிறைச்சிக் கறி அவருடைய பொறுப்பு. அதற்கு மின்சார அடுப்புச் சரிவராது என்பது அவர் கட்சி. பொரியல் மணம் ஆட்கள் வந்து இருக்கும் ஹோலுக்கு வராமலிருக்க, தமிழர் வீடுகள் பலவற்றில் இருப்பது போல, பின்னறையில் இரண்டாவது குசினி ஒன்று போட நினைத்தார். வெளியே ஒரு அலுமாரிக்குள் காஸ் சிலிண்டர்கள், உள்ளே பெரிய அடுப்பு, இடையில் ஒரு குழாய்.

குழாய் போட வந்தவள் முப்பது வயதளவில் ஒரு டேனிஷ் பெண். பெயர் மாயா.

“எங்கட ஆக்களின்ரை பேர் வைச்சிருக்கிறாள், வேலை பிழைக்காது,” என்று பாலேந்திரா மனைவியிடம் சொன்னார்.

அது மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை. வீட்டின் உட்சுவர்ப் பலகைகள் எல்லாம் கழற்றப்பட்டு, மரச் சட்டங்கள் விலா எலும்பு போலத் தெரிந்தன. மாயா பின்னறையில் நின்று ஒரு தாளில் கோடு கீறிக்கொண்டிருந்தாள். அருமைநாயகி வாசலில் நின்று அந்தக் கோட்டைப் பார்த்தார். அது அடுப்போடு முடிந்துவிட்டது. அவர் டேனிஷில், நோயாளியிடம் அனுமதி கேட்கிற அதே குரலில் கேட்டார்.

“பிறகு எப்போதாவது ஒரு காஸ் பைஸ் வைக்க வேண்டுமென்றால்?”

பாலேந்திரா அளவு நாடாவை விட்டுவிட்டார். அது ‘சர்’ரென்று சுருண்டது.

“என்ன பைஸ்? எனக்கு இழுப்பு எண்டு தெரியும்தானே?”

“விறகு இல்லை. காஸ். கண்ணாடியாலை மூடியிருக்கும், புகை நேரை வெளியாலை போகும்.”

“எப்ப வைக்கப் போறீர்?”

“இப்ப இல்லை. நான் வேலையை விட்டாப் பிறகு.”

“அதுக்கு இன்னும் பத்து வருசம் கிடக்கு.”

“குழாயை இப்பதானே வைக்கோணும்.”

மாயாவுக்குத் தமிழ் தெரியாது. பைஸ் என்ற சொல் மட்டும் பிடிபட்டது. “நல்ல நேரத்தில் கேட்டீர்கள்,” என்றாள். அடுப்புக்கு மட்டும் என்றால் மெல்லிய குழாய் போதும். ஆனால் பின்னாளில் அதிலிருந்து ஒரு கிளை எடுத்துப் பைஸ் வைத்தால், பைஸ் எரியும் நேரம் அடுப்பின் சுவாலை சோர்ந்துபோகும். ஆகவே சிலிண்டரிலிருந்து வரும் முதற்குழாயையே இப்போது தடிப்பாகப் போட வேண்டும். கிளைக் குழாய் இடையில் பொருத்து இல்லாமல் ஒரே நீளமாகச் சுவருக்குள் போகும். அதன் முனையில் ஒரு வால்வும் மூடியும், கையால் தொடக்கூடிய இடத்தில் இருக்கும். அதுவரை காஸ் அந்தப் பக்கம் போகாது.

“வெளிச்சுவராக இருக்க வேண்டும், புகை போக,” என்றாள் மாயா. “நெருப்பைப் பிறகு நகர்த்தலாம் என்று நினைக்காதீர்கள். முனை எங்கேயோ அங்கேதான் நெருப்பு. புதன்கிழமை குழாய் போட வருவேன். வியாழக்கிழமை பலகை அடிக்கிற ஆட்கள் வருகிறார்கள். அதற்குப் பிறகு என்றால் சுவரை உடைக்க வேண்டும்.”

அருமைநாயகி கணவரைப் பார்த்தார். பழைய அடுக்குமாடி வீட்டில் பதினெட்டு வருடம் இருந்தும், பெயின்ற் பழுதாகிவிடும் என்று ஒரு ஆணி அடிக்க விடாமல் படங்களை எல்லாம் பசைநாடாவால் ஒட்டிய மனிதர். மூடிய சுவரை அவர் உடைக்க விடப்போவதில்லை. புதன்கிழமைக்குள் முனைக்கு ஒரு இடம் கிடைக்காவிட்டால் நெருப்பு இல்லை. இந்த வீட்டில் ஒருநாளும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் நிலக்சி ஓகூஸிலிருந்து வந்தாள். அங்கே ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். வந்த கையோடு டேனிஷில் ஒரு போடு போட்டாள்: நாடே காஸை விட்டு வெளியே வந்துகொண்டிருக்கிறது, நீங்கள் இரண்டு பேரும் உள்ளே போகிறீர்கள்.

“நாங்கள் எப்பவும் பிந்தித்தான் வாறனாங்கள்,” என்றார் பாலேந்திரா. “கொம்மா இன்னும் பிந்தி. பத்து வருசத்துக்குப் பிறகு வாறா.”

மூன்று பேரும் வெறுமையான ஹோலில் நின்றார்கள். பெரிய ஹோல். அதற்காகத்தான் இந்த வீட்டையே வாங்கியது. அருமைநாயகி தெருப்பக்கத்து நீளச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடப் போனார்.

“அம்மா, அது டெக்கரேஷன் சுவர்,” என்று நிலக்சி தமிழுக்கு மாறினாள். “பலூன் கட்டுறது, பேர் ஒட்டுறது, எல்லாம் அதிலைதான். அதிலை ஒரு ஓட்டை இருந்தால் என்ரை கலியாண எழுத்துக்கு எங்கை நிண்டு படம் எடுக்கிறது?”

“உனக்கு இப்ப எழுத்தோ?” பாலேந்திரா சட்டென்று திரும்பினார்.

“அம்மா பிறகு வரப்போற நெருப்புக்குப் பைப் வைக்கிறா. நான் பிறகு வரப்போற ஆளுக்குச் சுவர் வைக்கிறன்.”

“ஆளிருந்தால் சொல்லு. பைப்பிலும் பாக்க அது அவசரம்.”

கிழக்கு மூலை சாமித்தட்டுக்கு. மிஞ்சியது தோட்டப் பக்கத்து யன்னலுக்கு அருகே ஒரு துண்டுச் சுவர். நிலக்சி கைத்தொலைபேசியில் அந்தச் சுவரைப் படம் எடுத்து, அதன்மேல் ஒரு பைஸையும் சுவாலையையும் விரலால் வரைந்து காட்டினாள். பாலேந்திரா படத்தை வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அவருடைய முகம் மெல்ல மெல்ல மாறியது.

“இதிலை மூண்டு சோபாவும் போடலாம். வாற ஆக்கள் உள்ளுக்கு வர, நேரை நெருப்பு. யேசுரட்ணம் வீட்டிலைகூட இது இல்லை.”

யேசுரட்ணம் ஹோர்சன்ஸில் இருக்கிற அவருடைய சிநேகிதர். அவர் வீட்டில் இல்லாதது ஒன்று கிடைத்துவிட்டது என்றால் பாலேந்திராவுக்கு வேறு நியாயம் தேவையில்லை. ஐந்து நிமிடத்தில் பைஸ் அவருடையதாகிவிட்டது. துண்டுச் சுவரின் அடியில் முனை என்று பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டார். அருமைநாயகி கேட்டது கிடைத்துவிட்டது.

ஆனால் திங்களும் செவ்வாயும் சிவப்பு விளக்குகளில் ஒரு புதினம் நடந்தது. அறை முன்போலத் திறந்தது. இப்போது அது புதுவீட்டு ஹோல். துண்டுச் சுவரில் நெருப்பு எரிந்தது. சோபாக்கள் நிறைய ஆட்கள். யாரோ ஒருவரின் பிள்ளை கண்ணாடியைத் தொடப் போக, யாரோ பிடித்து இழுத்தார்கள். அருமைநாயகி தன்னைத் தேடினார். அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு தட்டம், தட்டத்தில் றோல்ஸ். நெருப்பு அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்தது. தட்டத்தை எங்கேயாவது வைக்கலாம் என்று பார்த்தார். வைக்க இடம் கிடைப்பதற்குள் பச்சை விழுந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மூன்று விளக்கிலும் அதே தட்டம். மூன்றாவது விளக்கில் பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடிக்கும் வரை அவர் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

புதன்கிழமை இருவரும் லீவு எடுத்து வீட்டில் நின்றார்கள். மாயா தடித்த குழாயைப் பின்னறைக்குள் கொண்டுவந்து, அடுப்புக்கான பக்கத்தை முடித்துவிட்டு ஹோலுக்கு வந்தாள். பெருக்கல் குறியின் முன்னால் குந்தி இருந்து அளந்தாள்.

“நீங்கள் எங்கே இருப்பீர்கள்?” என்று அருமைநாயகியைக் கேட்டாள். “உங்கள் கதிரை எந்த இடத்தில் வரும்? சில பைஸின் கண்ணாடி நல்லாகச் சுடும். கிட்ட இருந்தால் முழங்கால் வேகும். அதைப் பார்த்து முனையைக் கொஞ்சம் அங்காலே இங்காலே தள்ளலாம்.”

பாலேந்திரா கையை அகல விரித்தார். “இங்கே மூன்று சோபா. விருந்தாளிகளுக்கு.”

“சரி. இவர் எங்கே இருப்பார்?”

அருமைநாயகி ஹோலைச் சுற்றிப் பார்த்தார். ஒரு இடத்தைக் காட்டலாம் என்று கையைக்கூடத் தூக்கினார். கை நடுவில் நின்றுவிட்டது. பழைய வீட்டு ஹோலில் சோபா இருந்தது. ஆறு வருடம் அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றவில்லை. அதில் அவர் தனியாக இருந்த ஒரு நாளை நினைத்துப் பார்க்க முயன்றார். ஒன்றும் வரவில்லை. வேலையால் வந்தால் குளிர்ச்சட்டையோடு, குசினிக்குப் பக்கத்தில் உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கு முன்னால் இருந்த சின்ன ஸ்டூலில்தான் இருப்பார். மெஷின் சுற்றுவதைப் பார்ப்பார். பத்து நிமிடம். அதுதான் அவருடைய இருக்கை. ஹோல் ஆட்களுக்கு. அதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை, அவருக்கும் இருந்ததில்லை.

“ஒரு நிமிடம்,” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே நடந்தார்.

குசினியைத் தாண்டி, பின்னறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. திட்டத்தில் அதற்கு ஸ்டோர் என்று பெயர். அரிசி மூட்டைகளும் மிளகாய்த்தூள் வாளிகளும் பாலேந்திராவின் பெரிய சமையல் கிடாரங்களும் அதற்குள் வருவதாக இருந்தது. இரண்டு ஆட்கள் கை நீட்டினால் சுவர் முட்டும். ஒரு சின்ன யன்னல். யன்னலுக்கு வெளியே சரிவு கீழே இறங்கிப் போனது. கூரைகள் ஒன்றின் பின் ஒன்றாக மங்கி, கடைசியில் தண்ணீரா ஆகாயமா என்று தெரியாத ஒரு சாம்பல் நிறத்தில் முடிந்தன. அருமைநாயகி வாசலுக்கு நேரே இருந்த வெளிச்சுவரைப் பார்த்தார். மரச் சட்டங்களுக்கு இடையில் ஒன்றும் இல்லை. அவர் கண்ணை மூடவில்லை. ஆனாலும் பொக்கென்ற சத்தம் கேட்டது போல இருந்தது. கையில் தட்டம் இல்லை.

திரும்பினால் பாலேந்திரா வாசலில் நின்றார்.

“இஞ்சை என்ன செய்யிறீர்? அந்தப் பிள்ளை பாத்துக்கொண்டு நிக்குது. பின்னேரம் கோல்டிங்கிலையும் வேலையாம்.”

“முனையை இஞ்சை வைப்பம்.”

“எங்கை?”

“இந்தச் சுவரிலை.”

பாலேந்திரா அறையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். “ஸ்டோருக்கையோ? அரிசிக்கு நெருப்புக் காட்டப் போறீரோ?”

“அரிசியைப் பின்னறையிலை தட்டு அடிச்சு வையுங்கோ.”

“என்ரை கிடாரங்கள்?”

“அதையும்தான்.”

“பைஸை ஸ்டோருக்கை வைச்சிருக்கிறம் எண்டு ஆருக்காவது சொல்ல ஏலுமே? சனம் சிரிக்கும்.”

“சனம் இஞ்சை வராதுதானே.”

“அதைத்தான் நானும் சொல்லுறன். சனம் ஹோலிலை இருக்கும், நெருப்பு இஞ்சை எரியும். ஆருக்கு?”

“எனக்கு.”

அதை அவர் சத்தமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு யன்னல் சட்டத்தில் கிடந்த தூசியை விரலால் தள்ளினார்.

“இஞ்சருங்கோ,” என்றார் அருமைநாயகி. “ஆக்கள் வராத நாளிலை நீங்கள் கடைசியா எப்ப ஹோலிலை இருந்தனீங்கள்?”

“ஏன், ரீவி பாக்கிறனான்தானே.”

“ரீவி படுக்கிற அறையிலை.”

“அந்த உதைபந்தாட்டம் நேரம்?”

“அதுக்கும் பத்துப் பேர் வந்தவை. நான் மீன் பொரிச்சனான்.”

பாலேந்திரா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நெற்றியைச் சொறிந்துகொண்டு, ஒவ்வொரு வருடமாகப் பின்னால் போய்ப் பார்த்தார். வெறும் ஹோலில் இருந்த ஒரு நாள் அவருக்கும் அகப்படவில்லை.

“நாங்கள் ஹோலிலை இருக்கிறேல்லை,” என்றார் அருமைநாயகி. “நான் வேலையை விட்டாப் பிறகும் அங்கை இருக்க மாட்டன். அங்கை வைச்சால் ஆக்கள் வரேக்கை மட்டும் கொளுத்துவம். நான் தட்டத்தோடை நிப்பன்.”

“யேசுரட்ணத்துக்குச் சொல்லிப்போட்டன்.”

“என்னெண்டு?”

“ஹோலிலை பைஸ் வருது எண்டு.”

“இன்னும் பத்து வருசம் கிடக்கு. அவர் மறந்துபோவார்.”

“அவன் மறக்க மாட்டான். அப்பிடியான ஆள் இல்லை,” என்றார் பாலேந்திரா. கொஞ்ச நேரம் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாயாவைக் கூப்பிட்டார். டேனிஷில், தானே கண்டுபிடித்தது போலச் சொன்னார்: “இந்த அறையில் வைக்க முடியுமா? இவர் இங்கேதான் இருப்பார்.”

மாயா யன்னலிலிருந்து மூலை வரை அளந்தாள். திறக்கிற யன்னலுக்கும் புகை போகும் வழிக்கும் இடையில் வேண்டிய தூரம் இருந்தது. பின்னறை சுவருக்கு மற்றப் பக்கம் என்பதால் குழாய் நாலு மீற்றர் போதும். ஹோலுக்கு என்றால் வீட்டைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. “எனக்கு இது லேசு,” என்று சிரித்தாள். “அங்கே ஏன் போடுகிறீர்கள் என்று நானும் யோசித்தேன். ஆனால் வீடு உங்களுடையது.”

அடுத்த ஒரு மணி நேரத்தில் குழாய் ஒரு பாதுகாப்பு உறைக்குள் நுழைந்து, சட்டங்களுக்குக் குறுக்கே ஓடி, சின்ன அறையின் வெளிச்சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வந்து நின்றது. வால்வும் மூடியும் பூட்டிய பிறகு மாயா ஒரு சின்ன அட்டையில் டேனிஷில் எழுதிக் கட்டினாள்: பின்னாளில் பைஸுக்கு. சுவர் மூடுவதற்கு முன் அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுத்து வைக்கச் சொன்னாள். பத்து வருடத்துக்குப் பிறகு வருகிறவனுக்குக் குழாய் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். பாலேந்திரா நாடாவைப் பிடித்தார். அருமைநாயகி படம் எடுத்தார். மூன்றாவது படத்தில் பாலேந்திராவின் முகமும் வந்துவிட்டது. அதை அவர் அழிக்கவில்லை.

கடைசியாக அழுத்தம் பார்க்க வேண்டும். மாயா குழாய்க்குள் காற்றை ஏற்றி, ஒரு மணிக்கூடு போன்ற வட்டக் கருவியை அதன் வாயில் பூட்டினாள். “அரை மணி நேரம். இந்த ஊசி இறங்கக் கூடாது. நான் என் வான் வண்டிக்குள் இருந்து பாண் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். பார்த்துக்கொள்கிறீர்களா?”

அருமைநாயகி ஒரு பெயின்ற் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்தார். ஊசி நின்ற இடத்தில் நின்றது. செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. வெளியே மெல்லிய மழை தொடங்கி, கூரைகள் ஒவ்வொன்றாக நிறம் மாறின. தண்ணீர்ப் பக்கத்திலிருந்து புகார் மேலே ஏறி வந்தது. கீழே கடைசி வீதி மறைந்தது, பிறகு அதற்கு மேல் வீதி. வீடு எங்கேயோ மிதந்து போவது போல இருந்தது. சட்டங்களுக்கு இடையிலிருந்த வெறுமை மெல்ல நிறைந்தது. முதலில் நீலம், பிறகு மஞ்சள். அவர் முகத்தைத் திருப்பவில்லை. கன்னத்தில் சூடு பட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் பட்டால் எந்தக் கன்னத்தில் முதலில் படும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

பாலேந்திரா இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு வந்தார். ஒன்றை மனைவியிடம் கொடுத்துவிட்டு இன்னொரு வாளியை இழுத்துப் போட்டு இருந்தார்.

“இறங்கிச்சுதோ?”

“இல்லை.”

இருவரும் குடித்தார்கள். யாரும் வரவில்லை. யாருக்கும் ஒன்றும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

“இதுக்கை இரண்டு கதிரை பிடிக்கும்,” என்றார் பாலேந்திரா.

“சின்னனெண்டால் பிடிக்கும்.”

அவர் வாளியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்து, கால்களை அந்த மூடிய குழாய் முனை வரை நீட்டினார்.

“கிட்ட இருக்காதேங்கோ,” என்றார் அருமைநாயகி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். “முழங்கால் வேகும்.”

பாலேந்திரா வாளியைப் பின்னால் தள்ளினார்.